தூரத்தைக் கேட்கிறார்கள், நேரத்தைக் கேட்பதில்லை



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். டெல்லி விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் எவ்வளவு தூரம்? போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

"இதென்ன பெரிய கேள்வி? தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துடுமே" என்று நம்மில் பலரும் சொல்வோம். எட்டாம் வகுப்பிலிருந்து அப்படித்தானே கணக்குப் போட்டு வருகிறோம்! 'அ' என்ற ஊரிலிருந்து 'ஆ' என்ற ஊருக்கு ஒரு ரயில் கிளம்பும். அந்த ரயில் எங்கேயும் நிற்காது. எதிர்க்காற்று அடிக்காது, பாலம் மூழ்காது, பக்கத்து நாட்டுக்காரன் கதவைச் சாத்த மாட்டான். விடை மட்டும் சுத்தமாக வந்து நிற்கும். மதிப்பெண்ணும் போட்டுவிடுவார்கள்.

நான் விமானத்தில் ஏறியதில்லை. எங்க ஊருக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போவதை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் கணக்குப் போட டிக்கெட் வேண்டியதில்லையே! டெல்லி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 28.57 டிகிரி, கிழக்குத் தீர்க்கரேகை 77.1 டிகிரி. சான் பிரான்சிஸ்கோ வடக்கே 37.62, மேற்கே 122.38. நம்ம கால்குலேட்டரிலேயே சைன், காஸ் தட்டிப் பார்த்தேன். பூமியின் மையத்தில் 111.3 டிகிரி கோணம் வருகிறது. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் சுமார் 12,380 கிலோமீட்டர். உருண்டையின் மேல் இதற்குக் குறைந்த பாதை கிடையாது. நூலகத்தில் இருக்கும் குளோபில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் அட்லாண்டிக் பக்கமே போகாது. நேராக வடக்கே ஏறி, சைபீரியாவைத் தாண்டி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கும். சுவரில் தொங்குகிற உலகப் படத்தில் ஸ்கேல் வைத்தால் இது தெரியாது. தட்டைப் படம் தூரத்தில் பொய் சொல்லும் என்பதை சர்வே படிக்கிற நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா!

சரி, 12,380 கிடைத்தாச்சு. இப்போது நேரத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

2015 டிசம்பரில் ஏர் இந்தியா இந்த இரண்டு ஊருக்கும் இடையே நிற்காமல் போகும் விமானத்தை ஆரம்பித்தது. முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக, அதாவது மேற்கே பார்த்துப் போனார்கள். அந்தப் பாதை சுமார் 13,900 கிலோமீட்டர். பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2016 அக்டோபர் 16 அன்று பாதையை அப்படியே திருப்பினார்கள். கிழக்கே பார்த்துக் கிளம்பி, பசிபிக் கடலுக்கு மேலே போய் இறங்கினார்கள். பறந்த தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் அதிகம்! ஆன நேரம்? பதினாலரை மணி. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம்! (நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டியதால், டெல்லியில் விடியற்காலை ஏறியவர்கள் அதே தேதியில் காலையிலேயே இறங்கினார்கள். அது தனிக் கூத்து.)

கொஞ்சம் நின்று யோசியுங்கள். குறைந்த தூரத்துக்கு அதிக நேரம். அதிக தூரத்துக்குக் குறைந்த நேரம். விமானம் அதே போயிங் 777-200 எல்.ஆர்.தான், எஞ்சினும் அதேதான். நம் எட்டாம் வகுப்புக் கணக்கு என்ன ஆச்சு?

காரணம் காற்று. தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். வெப்பமான தெற்குக் காற்றும் குளிர்ந்த வடக்குக் காற்றும் சந்திக்கிற இடத்தில், பூமி சுழல்வதால் உண்டாவது. சாதாரணமாகவே மணிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் வேகம். குளிர்காலத்தில் முந்நூறைத் தாண்டுவதும் உண்டு. கிழக்கே போகிறவனை இது பின்னாலிருந்து தள்ளும், மேற்கே போகிறவனை நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். 15,300ஐப் பதினாலரையால் வகுத்தால் மணிக்கு 1,055 கிலோமீட்டர். அந்த விமானம் தன் சொந்த பலத்தில் போகக்கூடியது சுமார் 900தான். மீதி காற்று கொடுத்த தர்மம்!

இந்தக் காற்றாற்றை முதன்முதலில் அளந்து எழுதியவர்களில் ஒருவர் ஜப்பான்காரர், வாசபுரோ ஓயிஷி. 1920களில் பலூன் விட்டு அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பராண்டோ என்ற புதுமொழியில் அறிக்கை வெளியிட்டார். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அதிகம் இல்லை! உண்மையை அளந்தால் மட்டும் போதாது, படிக்கிறவனுக்குப் புரிகிற பாஷையில் எழுத வேண்டும். அதனால்தான் நான் இதைத் தமிழில், அதுவும் நம்ம பஸ் ஸ்டாண்டுத் தமிழில் எழுதுகிறேன்.

2017ல் ஏர் இந்தியாவின் பெண் விமானிகளும் பணியாளர்களும் டெல்லியிலிருந்து பசிபிக் வழியாக சான் பிரான்சிஸ்கோ போய், திரும்பும்போது அட்லாண்டிக் வழியாக டெல்லி வந்தார்கள். அதாவது போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே! பூமியையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார்கள். போன வழியிலேயே திரும்பியிருந்தால் எதிர்க்காற்று. இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்த முடியாது.

நியூயார்க், லண்டன் கதையும் இதுதான். இரண்டுக்கும் இடையே சுமார் 5,540 கிலோமீட்டர். கிழக்கே லண்டன் போகச் சாதாரணமாக ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வர இன்னும் ஒரு மணி நேரமாவது கூடுதல். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்விட்டது. கிலோமீட்டர் குறைந்ததா? ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை.

காற்று மட்டும்தானா? மனிதர்கள் போடும் முட்டுக்கட்டை காற்றைவிட மோசம். 2019 பிப்ரவரி 27லிருந்து ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் வான்வழியை மூடி வைத்தது. டெல்லியிலிருந்து மேற்கே போகிற விமானமெல்லாம் குஜராத், அரபிக்கடல் என்று சுற்றிப் போயின. ஜூலை 2 வரை மட்டும் ஏர் இந்தியாவுக்கு 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று நாடாளுமன்றத்தில் அமைச்சரே சொன்னார். டெல்லியிலிருந்து இஸ்தான்புல் போன இண்டிகோ விமானம் தோஹாவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் மறுபடியும் அதே கதவடைப்பு. அமெரிக்கா போகிற சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எண்ணெய் போட்டன. 2022ல் ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போகிற ஃபின்ஏர் விமானத்துக்கு ஒன்பதரை மணி நேரப் பயணம் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரமானது. ஹெல்சிங்கியும் நகரவில்லை, டோக்கியோவும் நகரவில்லை. அட்லஸைத் திறந்து பார்த்தால் அதே தூரம்தான் போட்டிருக்கும்.

அதனாலேயே விமானம் ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டரை நம்பி எந்த முடிவும் எடுப்பதில்லை. மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டு எஞ்சின் விமானம் கடலைத் தாண்டுவதற்கு ஒரு விதி இருக்கிறது. ஈடாப்ஸ் என்று பெயர். ஒரு எஞ்சின் நின்றுபோனால், மிச்சமிருக்கும் ஒற்றை எஞ்சினில் இத்தனை நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட முடிய வேண்டும் என்பது விதி. இந்த விதியை எதில் எழுதினார்கள் தெரியுமா? நிமிடத்தில்! முதலில் 60 நிமிடம். 1985ல் 120 நிமிடம். அப்புறம் 180. போயிங் 777க்கு 2011ல் 330 நிமிடம் வரை அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2023 ஜூனில் இதே டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்கு மூலையில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகள். அப்படி ஒரு ஊர் எட்டுகிற நேரத்தில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த நிமிடக் கணக்கு.

விமானியின் வேலைக்கும் மணிக்கணக்குதான். இத்தனை மணி நேரம் பறந்தால் இத்தனை மணி நேரம் ஓய்வு என்று சட்டமே இருக்கிறது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று இல்லை. எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதற்கும் பறந்த மணிகளையும், எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதையும்தான் பார்க்கிறார்கள். இரும்புக்கே களைப்பை நேரத்தில் அளக்கிறார்கள் நண்பர்களே!

எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்துச் சந்தை எவ்வளவு தூரம் என்று கேட்டால் "நாலு நாழிகை வழி" என்று சொல்லும். நாழிகை என்றால் 24 நிமிடம். நாலு நாழிகை என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிற பழக்கம் நம் ஊர்களில் பழைய பழக்கம். மழைக்காலம் என்றால் பாட்டி அதே சந்தைக்கு ஐந்து நாழிகை சொல்லும். ஈடாப்ஸ் விதி எழுதின என்ஜினீயர்களும் எங்க பாட்டியும் ஒரே கட்சி!

எதிர்க்கட்சி யார் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் பறந்து வந்தேன்.

நம் ஹாஸ்டல் விண்ணப்பத்தைப் பார்த்திருப்பீர்கள். "வீட்டிலிருந்து கல்லூரிக்கு உள்ள தூரம் (கி.மீ.)" என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாற்பதுக்கு மேல் இருந்தால் இடம். இல்லாவிட்டால் கிடையாது. நேரத்துக்குக் கட்டமே இல்லை.

எங்க ஊர் 31 கிலோமீட்டர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். அந்தக் கட்டத்தில் 31 என்று எழுதினேன். அப்பா கைநாட்டு வைத்தார். இடமில்லை என்று வந்துவிட்டது. இப்போது நேரத்தைச் சொல்கிறேன். காலை 5.40க்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். ஆறு மணிக்கு மினி பஸ். 6.35க்குக் கூட்டுரோடு. அங்கே காத்திருந்து 7.10க்கு ரூட் பஸ். 7.55க்கு பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் 8.20க்குக் கல்லூரி வாசல். இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. சாயங்காலம் 4.20க்குக் கிளம்பினால் வீடு சேர 7.10. ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் மினி பஸ் வராது. அது எங்க ஊர் பாகிஸ்தான் வான்வழி! சுற்றி வர வேண்டியதுதான்.

மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இல்லை இந்த வேகம். "சைக்கிளில் வந்தால் முன்னாடியே வந்துடலாமேடா" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். கணக்குப்படி சரிதான். மினி டிராஃப்டரையும் டிராயிங் ஷீட்டையும் முதுகில் கட்டிக்கொண்டு முப்பத்தொரு கிலோமீட்டர் மிதித்து வந்த பிறகு, தியோடலைட்டைத் தூக்க யார் வருவார்கள் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு 52 கிலோமீட்டர். நாலு வழிச் சாலை மேலேயே அவன் ஊர். பைபாஸ் பஸ்ஸில் ஏறினால் 55 நிமிடத்தில் கல்லூரி வாசல். அவனுக்கு ஹாஸ்டல் கிடைத்தது. அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "டேய், என் கட்டிலை நீ எடுத்துக்கோடா" என்று அவனே பலமுறை சொல்லியிருக்கிறான். விதி விடுமா? அவனுக்கு ஜெட் ஸ்ட்ரீம், எனக்கு எதிர்க்காற்று. விண்ணப்பத்தில் மட்டும் நான்தான் பக்கத்தில் இருக்கிறவன், அவன்தான் தூரத்துக்காரன்.

ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம் வழியில் போகிறது எனக்கு. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 27 மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய், திரும்பி வருகிற வழியில் இந்தியாவை நெருங்கியே விட்டிருப்பேன்! இது நான் ஒருத்தன் கதையில்லை. மலைக்காட்டு ஊர்களிலிருந்து வருகிற தம்பிகளுக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற தோழிகளுக்கும் இதைவிட மோசம். முதல் பீரியட் முடிந்து உள்ளே வருகிறவன் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறான். அட்டெண்டன்ஸ் குறைகிறது. கண்டனேஷன் பணம் கட்டுகிறான். அதற்கப்புறம் ஒருநாள் வருவதில்லை. போன வருஷம் எங்களோடு கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் இந்த வருஷம் நிற்கவில்லை. ஒருத்தன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். படிப்பு வராமல் போனவன் இல்லை அவன். அப்ளைடு மெக்கானிக்ஸில் என்னைவிட அதிகம் வாங்கியவன்.

அலுவலகத்தில் இதைக் கேட்டேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். "தம்பி, கிலோமீட்டருக்கு ஆதாரம் இருக்கு. நேரத்துக்கு என்ன ஆதாரம்? ஆளாளுக்கு மூணு மணி நேரம், நாலு மணி நேரம்னு எழுதிட்டு வந்து நிப்பீங்களே" என்றார்.

நியாயமான கேள்விதான். பொய் எழுதுகிறவர்கள் இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விமானக் கம்பெனிக்காரனுக்கும் இதே பிரச்சினைதானே? தினம் ஒரு காற்று அடிக்கிறது. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவம் வழியாகப் பெங்களூருக்கு முதல் விமானத்தை ஓட்டி வந்தார்கள். நேர் தூரம் 13,993 கிலோமீட்டர் என்று அறிவித்தவர்கள், நேரத்தைப் பதினேழு மணிக்கு மேல், அன்றைய காற்றைப் பொறுத்தது என்றுதான் அறிவித்தார்கள். நேரம் மாறும் என்பதற்காக அதை அளக்காமல் விட்டுவிடவில்லை. பழைய பயணங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஒரு நேரத்தை முடிவு செய்து கால அட்டவணையில் அச்சடிக்கிறார்கள். குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. பயணிகள் அதை நம்பித்தான் டிக்கெட் எடுக்கிறார்கள்.

நமக்கு மட்டும் அட்டவணை இல்லையா? டெப்போவில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய ஆதாரம் நம் சட்டைப்பையில் இருக்கிறது. கண்டக்டர் மெஷினில் அடித்துக் கொடுக்கிற டிக்கெட்டில் தேதி, மணி, நிமிடம் எல்லாம் இருக்கிறது. முதல் பஸ் டிக்கெட்டும் கடைசி பஸ் டிக்கெட்டும் சேர்ந்தால் ஒரு மாணவனின் பயண நேரம் ஏறக்குறைய வந்துவிடும். ஒரு வாரத்து டிக்கெட்டை ஒட்டிக் கொடுத்தால் எவன் பொய் சொல்ல முடியும்? பாஸில் போகிறவர்களுக்கு டெப்போ அட்டவணை இருக்கவே இருக்கிறது. போனில் வருகிற மேப்பைக் காட்டி "முப்பத்தொரு கிலோமீட்டர், 48 நிமிடம்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். ஐயா, அது காருக்கு!

ஆகவே மாணவர் சங்கத்தின் முன்னால் நான் வைப்பது இதுதான். அடுத்த ஆண்டு ஹாஸ்டல் விண்ணப்பத்தில் தூரக் கட்டத்துக்குப் பக்கத்தில் "ஒரு வழிப் பயண நேரம்" என்று ஒரு கட்டம் வேண்டும். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறவர்களை நாற்பது கிலோமீட்டர்காரர்களுக்குச் சமமாக வைக்க வேண்டும். புதுக் கட்டடம் கேட்கவில்லை, கூடுதல் கட்டில் கேட்கவில்லை. இருக்கிற கட்டிலை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு அளவுகோலை மாற்றச் சொல்கிறேன், அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி, இது நடந்தாலும் எனக்குக் கிடைக்குமோ என்னவோ. கூட்டுரோட்டில் அடுத்து நிற்கப் போகிற தம்பிக்குக் கிடைக்கட்டும்.

விண்ணப்பம் ஜூனில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் முதல்வர் அவர்களிடம் கொடுப்பதற்காக எங்கள் பிரிவில் ஏழு பேர் டிக்கெட்டுகளைத் தேதிவாரியாக ஒட்டி வைத்திருக்கிறோம், பழைய ஃபீல்டு புக்கில். பக்கம் நிறைய மிச்சமிருக்கிறது. உங்கள் டிக்கெட்டைக் கசக்கி ஜன்னல் வழியாகப் போட்டுவிடாமல், பின்னால் ஊர்ப் பெயர் எழுதி, இரண்டாம் ஆண்டு சிவில் வகுப்பில் கொண்டு வந்து கொடுங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான் இருப்போம்.

- இரண்டாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு